சாளைக்கு எத்தனை லிட்டர்

ஈவாஞ்சலின் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜான்ஹவி மேடம் சமையலறைக்குள் வந்தாள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனியின் கேன்டீன் அது. மூன்று மாதமாக அங்கே மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களின் முன்னால் வண்ண அட்டை வைக்கிறார்கள். அந்தச் சாப்பாடு தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு புகை காற்றில் கலந்தது என்பதற்கு அடையாளம். மட்டனுக்குச் சிவப்பு, பாசிப்பயறுக்குப் பச்சை. கரையோரம் வலைபோட்டுப் பிடிக்கிற சாளை மீனுக்கும் பச்சைதான் என்று, அட்டைகளுக்குப் பொறுப்பான ஜான்ஹவி சொன்ன அன்றே ஈவாஞ்சலின் மீன் கொடுக்கத் தன் புருஷன் பர்னபாஸின் பெயரைச் சொல்லிவிட்டாள். விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன் அதை விட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த தன் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்தான். தினமும் இருபது கிலோ சாளை வந்தது. ஒரு மாதம் வீட்டில் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு கடல் சூடேறியது. கையை விட்டால் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றான். சாளை விலகி விலகிப் போக, அவனும் விடாமல் பின்னாலேயே போனான். கொண்டுவந்தது மூன்று கிலோ. சில நாள் அதுவும் இல்லை.

"அக்கா, இப்ப ஒரு தடவ போய்ட்டு வர எத்தன லிட்டர் டீசல் ஆகுது?" சமையலறைக்குள் வந்த ஜான்ஹவி கேட்டாள்.

குறைத்துச் சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கேட்டவள் அவளை முழுசாக நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தஞ்சு ஆவுது மேடம். முன்ன பத்துதான்."

ஜான்ஹவி போனில் கணக்குப் போட்டாள். மறுபடியும் போட்டாள். சாளையின் புகைக் கணக்கு மட்டனுக்குச் சமமாக வருகிறது என்று தலை நிமிராமல் சொன்னாள். நாளையிலிருந்து மீன் வேண்டாம், பயறு போதும். போகும்போது ஈவாஞ்சலினின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். யாரைத் திட்டுவது என்றுகூட ஈவாஞ்சலினுக்குத் தெரியவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

நான்கு மணிக்குக் கரைக்குப் போனாள். பர்னபாஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். கண்ணெல்லாம் உப்பில் சிவந்திருந்தது. மீன் கூடை காலி.

"ஏளா, நாளைக்கு மணப்பாட்டுக்கும் தெக்க போய்ப் பாக்கேன். அங்கன கெடக்குன்னு சொல்லுதானுவ. ஒங்க மேடத்துட்ட ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். "சரி" என்றுதான் வந்தது.

அவன் டீசல் கேனைத் தோளுக்குத் தூக்கினான். அலையில் வள்ளம் ஆடியது. அவள் சேலையோடு தண்ணீரில் இறங்கி, அவன் ஊற்றி முடிக்கும்வரை அது அசையாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.