செத்தவன் தேத்தண்ணி குடித்த படம்

தில்லைநாதனுக்குப் பொய் சொல்ல வராது. ஏதோ அரிச்சந்திரன் பரம்பரை என்று யாரும் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். அவன் மனைவி சிவனேஸ்வரிக்கு அது பத்து வருடத் தலையிடி. அவள் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிள்ளை எப்படி என்று வாய்ச்சொல்லுக்குக் கேட்டபோது, நல்ல பிள்ளை, கோபம் மட்டும் கொஞ்சம் கூட என்று சொல்லி வைத்தவன் அவன். பிழைக்கத் தெரியாத மனிசன் என்று அவள் வாய்க்கு வாய் சொல்லுவாள்.

அப்படிப்பட்டவனைத்தான் தர்மபுரத்தில் தண்ணீர்க் கள்ளன் என்றார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டுக் கோடைச் சிறுபோகம். குளத்தில் தண்ணீர் மட்டுமட்டு. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் ஒவ்வொரு வயலுக்கும் பாயும். முறை மாறி, வயலுக்குத் தண்ணீரை மறிக்கிற பலகையைத் தூக்குகிறவனுக்கு அந்தப் போகம் முடியும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியபோது எல்லாரும் கூடி வைத்த கட்டுப்பாடு அது. தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை மயில்வாகனத்தார் புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பலகையைப் போட்டுவிட்டுப் போனார். எட்டு மணிக்கு வந்து பார்த்தால் பலகை வரம்பில் கிடக்கிறது, தில்லைநாதனின் வயல் நிரம்பி வழிகிறது. நெல்லோ கதிர் வெளிவரப் போகிற குடலைப் பருவம். இனித் தண்ணீர் நின்றால் வைக்கோல்தான் மிஞ்சும்.

நெளுக்குளத்தில் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு நின்ற சிவனேஸ்வரி வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். பஸ்ஸால் இறங்கியதுமே நாலு பேர் நாலு விதமாகக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை கூட்டுறவுச் சங்கக்கடை முற்றத்தில் விசாரணை. புதன்கிழமை அந்த நேரம் எங்கே நின்றாய் என்றதற்கு, கிளிநொச்சிக் கொட்டகையில் இங்கிலீசுப் படம் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தில்லைநாதன் சொன்னான். முற்றமே சிரித்தது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீசு எட்டுச் சொல்லுக்கு மேல் இராது. மண்வெட்டி வாங்கப் போனவன், மனிசி இல்லாத வீட்டுக்கு என்ன அவசரம் என்று உள்ளே நுழைந்திருக்கிறான். இருட்டுக்குள் இருந்த தலையை யார் அடையாளம் சொல்வது?

"அப்ப கதையைச் சொல்லும், கேப்பம்" என்றார் மயில்வாகனத்தார்.

அவன் சொன்னான். மணிக்கூடு திருத்துகிற ஒரு அப்பாவியின் கடையில் யாரோ ஒரு பொதியை வைத்துவிட்டுப் போகிறான். வைத்தவன் மறுநாள் பிணமாகக் கிடக்கிறான். பழி மணிக்கூட்டுக்காரன் தலையில். உண்மையில் கொன்றவன் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு உளவாளி. பொலிசு துரத்த அப்பாவி ஓடுகிறான். வெளிச்சவீட்டு உச்சியில் இரண்டு பேரும் கட்டிப்புரள, உளவாளி தலைகீழாக விழுந்து சாகிறான். சனம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"பிறகு அந்த உளவாளி கப்பலிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவன்" என்றான் தில்லைநாதன்.

முற்றத்தில் எழுந்த சிரிப்பில் சங்கக்கடைப் பூனையும் எழும்பி ஓடியது. முல்லைத்தீவிலிருந்து நெல் ஏற்ற வந்திருந்த லொறிக்கார ஹலீம் நானா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வியாழக்கிழமை அதே கொட்டகையில் அதே படத்தைப் பார்த்தவர். கப்பல் முதல், வெளிச்சவீடு பிறகு என்று அவர் மனமில்லாமல்தான் சொன்னார். மாறிச் சொல்லிப்போட்டன் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி தில்லைநாதனுக்குக் கண்ணும் காட்டினார். மயில்வாகனத்தாரும் இளகி, பிழையை ஒப்புக்கொண்டால் இரண்டு முறைத் தண்ணீரை மட்டும் நிறுத்தித் தண்டனையை முடிக்கலாம் என்றார்.

"நான் மாறிச் சொல்லேல்லை, விதானையார். விழுந்து செத்தவன் பிறகு வந்து தேத்தண்ணி குடிச்சவன். எனக்கும் அது விளங்கேல்லைத்தான். ஆனால் நான் கண்டதைத்தான் சொல்லுறன். செய்யாததை எப்பிடி ஒப்புக்கொள்ளுறது?"

சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொல்லை முன்பின்னாக மாற்றினால் வயல் தப்பும். இந்த மனிசனுக்கு அதுகூடவா வராது? அந்தக் கோபத்துக்குள்தான் அவளுக்குப் பொறி தட்டியது. பொய் சொல்ல வந்தவன் செத்தவனைச் செத்தவனாக அல்லவா விட்டிருப்பான்!

பின்னேரம் மூன்று மணி வரை தவணை கேட்டாள். கொடுத்தார்கள். பத்தேகால் பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், கொட்டகையில் படம் ஓட்டுகிற இஸ்ஸதீனைப் பிடித்தாள். புதன்கிழமைப் படம் ஒழுங்காக ஓடியதா என்று மட்டும் கேட்டாள். அவன் நாக்கைக் கடித்தான். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"எனக்குச் சொல்லாதை தம்பி. அங்கை வந்து சனத்துக்கு முன்னாலை சொல்லு. இல்லாட்டி நான் சொல்லிக்குடுத்தது எண்டுவினம்."

மூன்று மணிக்கு இஸ்ஸதீன் முற்றத்தில் நின்றான். ஏன் கூட்டிவரப்பட்டான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. புதன்கிழமை ஆறு மணிக் காட்சியில் ஏழாம் ரீலை ஆறாம் ரீலுக்கு முன்னால் போட்டுவிட்டானாம். பத்துப் பேர்தான் படம் பார்த்தவர்கள், அதிலும் பாதிப் பேர் நித்திரை. அரசாங்கக் கந்தோர்த் துரைமார் இரண்டு பேர் வெளியே வந்து நல்ல பேச்சுப் பேசிவிட்டுப் போனார்களாம்.

"வெளிச்சவீட்டிலை செத்தவன் கப்பலிலை தேத்தண்ணி குடிக்கிறான் எண்டு ஏசினவை. புதன் ஒரு நாள்தான் அப்பிடி ஓடினது. வியாழன் காலமை திருத்திப்போட்டன்."

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஹலீம் நானா எழுந்து வந்து தில்லைநாதனின் தோளில் கை வைத்தார். பலகையைத் தூக்கியது யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று தில்லைநாதனின் முறைத் தண்ணீருக்குப் பலகையைத் தூக்க மயில்வாகனத்தாரே சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

வரம்பில் நின்றவர்களில் ஒருத்தி, உன்ரை மனிசன் கெட்டிக்காரன்தான், தப்பிவிட்டான் என்றாள்.

"அவருக்குக் கெட்டித்தனம் கிடையாது" என்றாள் சிவனேஸ்வரி, தலையை நிமிர்த்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்க. "பத்து வருசமா அதை ஒரு குறையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."