ஒண்ணுமில்லாத உண்ணி

கடற்கரையில் ஒரு மணி நேர நிம்மதி என்ன விலை என்று என்னைக் கேட்டால், பன்னிரண்டு மீட்டர் வெள்ளைத் துணி, ஒரு சின்ன இடுக்கி, ஒரு சுருள் டேப், என் ஜவுளிக்கடையில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடி என்பேன். அன்றைக்கு அதுதான் விலை. நானும் பேரம் பேசிப் பார்த்தேன். என் மனைவி ஒரு பொருளைக்கூடக் குறைக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. போன வருடம் இதே கடற்கரைக்கு வந்துபோன மறுநாள், காதுக்குப் பின்னால் என்னவோ உறுத்துகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றாள். வாசலில் துணி மூட்டைகளோடு லாரி நின்றிருந்தது. எள்ளளவுக்குக் கறுப்பாக ஏதோ தெரிந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை எண்ணப் போய்விட்டேன். அந்த ஒண்ணுமில்லாததுதான் உண்ணி. ஒரு வாரத்தில் காய்ச்சல் தூக்கி அடித்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

"இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு புல் இருக்கும் திசையில் அவள் காலெடுத்து வைக்கவில்லை. கடல் என்றால் உயிரை விடுகிறவள், ஒரு வருடம் அதைக் காலண்டர் படத்தில் மட்டும் பார்த்தாள்.

இந்த முறை நான்தான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவளுடைய தம்பி கார் ஓட்டினான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கூப்பிடாமலே வந்துவிடுவான். காரை நிறுத்தும் இடத்திலிருந்து மணலுக்குப் போக இருநூறு அடி தூரம் இடுப்பளவு புல்லுக்குள் நடக்க வேண்டும். உண்ணி காத்திருப்பது அங்கேதான், புல் நுனியில். ஏறினால் பளிச்சென்று தெரியட்டும் என்று மூன்று பேருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தோம். மச்சினன் தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

"கப்பல்ல சமையல் வேலைக்குப் போற மாதிரியே இருக்கோம் மாமா."

மணலில் விரிப்பைப் போட்டதும் சோதனை ஆரம்பமானது. முதலில் மச்சினனின் காலரில் ஒன்றைக் கண்டு கத்தினாள். கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கறுப்பு மணல். அடுத்து என் சட்டைக் கையில் ஒன்று. அது நெசவில் விழுந்த முடிச்சு. முதல் தரம் என்று சொல்லி நான் விற்றுக்கொண்டிருக்கும் துணி அது. உண்ணியாகவே இருந்திருக்கலாம் மாமா என்றான் மச்சினன்.

பிறகு என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே, பழுப்பாக, நன்றாகக் குடித்துப் பருத்த ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதாக மச்சினன் விவரம் சொன்னான். அவள் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தாள். எனக்கு உயிர் போனது. அது அசையவில்லை, நான்தான் அசைந்தேன். இன்னொரு தடவை இழுத்ததில் ரத்தம் வந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு முதலுதவிக் கொட்டகைக்கு நடந்தாள்.

அங்கே இருந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நர்ஸ் எங்கள் கண்ணாடியையே வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"உண்ணிதான்" என்றார்.

என் மனைவியின் நகம் என் கையில் பதிந்தது.

"ஆனா பாலுண்ணிம்மா. எங்கேருந்தும் ஏறி வரல. தோலோடவே வளர்ந்தது. இதப் போய் இப்படி இழுத்திருக்கீங்களே. எத்தனை வருஷமா இருக்கு?"

என் முதுகு எனக்கு எப்படித் தெரியும்? நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டார் நர்ஸ். பன்னிரண்டு என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை; மருந்தைத் தொட்டு வைத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அவளே வாயைத் திறந்தாள்.

"பன்னெண்டு வருஷமா உங்க முதுகைத்தான் பாத்துட்டிருக்கேன். ஆனா கல்லாவுல, சட்டையோட."

விஷயத்தைக் கேட்ட மச்சினன், "கூடவே வளர்ந்ததுக்கெல்லாம் க்ளைம் கிடையாதுக்கா" என்றான். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த களைப்போடு விரிப்பில் படுத்தவள், அலைச் சத்தத்தில் அப்படியே தூங்கிவிட்டாள். ஒரு வருடத்தில் அவள் வெட்டவெளியில் கண்மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவளுடைய கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே, வசூலுக்கு வந்த ஆள் மாதிரி அவசரமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை வைத்து எண்ணினேன். எட்டுக் கால், உண்ணியேதான். டேப்பில் ஒட்டி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் தூக்கம் கலையாமல் காலுறை விளிம்பு, மணிக்கட்டு, கழுத்து, இரண்டு காதுகளுக்கும் பின்னால் என்று எல்லா இடத்தையும் பார்த்தேன். வேறு இல்லை.

மச்சினன் குரலைத் தாழ்த்தி, சொல்ல வேண்டாம் என்றான். சொன்னால் இனி ஜென்மத்துக்கும் கடல் பக்கம் வர மாட்டாள். கடிக்கவும் இல்லை, எடுத்தும் ஆயிற்று, பிறகு எதற்கு? வியாபாரியாக யோசித்தால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நாற்பது நிமிடம் கழித்துக் கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, ஏதாவது இருந்ததா என்பதுதான்.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் முகம் இறுகியது. அந்த வார்த்தையின் மீதி அவளுக்கு மனப்பாடம். பழக்க தோஷம், என் நாக்கும் அந்த மீதிக்குத் தயாராகத்தான் நின்றது.

"ஒண்ணு இருந்துச்சு" என்றேன். "கால்சட்டை மேல. கடிக்கல. எடுத்துட்டேன். காதுக்குப் பின்னாடியும் பாத்தாச்சு."

டேப்பைக் காட்டினேன். அவள் வாங்கி, கண்ணாடியை வைத்து, கால்களை அவளும் ஒருமுறை எண்ணினாள். மச்சினன் கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டான். அவள் டேப்பை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்தாள்.

"இன்னும் அரை மணி நேரம் இருந்துட்டுப் போலாங்க" என்றாள்.

அன்றைய கணக்கு: மணல் ஒன்று, முடிச்சு ஒன்று, பாலுண்ணி ஒன்று, உண்ணி ஒன்று. ஒண்ணுமில்ல என்று சொன்னது, ஒன்றும் இல்லை. போன வருடம் சொன்னது ஒன்று மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.