பேச்சு கொடுக்காதீங்க

கண்டக்டருக்கு வாய் ஓயாது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டு 'உள்ள போங்க, படியை விடுங்க' என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. ரிட்டயர் ஆன பிறகும் வாசலில் இரண்டு பேர் நின்றால் போதும், உள்ளே அழைத்து உட்காரவைத்து ஊர்க்கதை பேசாமல் விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார், அவரோடு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. உத்தரவு போட்டவன் மூத்த மகன். அதில் வசமாக மாட்டிக்கொண்டவள் கண்டக்டரின் மனைவி.

உத்தரவு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில், "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். அவள் வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். பாதி தைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டி, மெஷினை அடுப்படிப் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். கடைசிப் பேச்சு, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்கிற கலிமாவாக அமைந்தவருக்குச் சுவர்க்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதானே. ஹஜ்ரத் காதருகே குனிந்து, "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார்.

கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே, "படியில நிக்காதீங்க" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. ஹஜ்ரத் நல்ல மனுஷர், முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லம்மா, வற்புறுத்தக் கூடாது. நாம பக்கத்துல சொல்லிட்டே இருப்போம், அவரா சொல்வாரு" என்று உட்கார்ந்துவிட்டார். அரை மணி, ஒரு மணி என்று ஓடியது. கண்டக்டர் சில்லறை கேட்டார், யாரையோ முன்சீட்டில் நகரச் சொன்னார். மத்தியான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், நாக்கு இரண்டு இடத்தில் தடுமாறினாலும், கலிமாவை முழுசாகச் சொல்லிவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், சொல்லிட்டாரு" என்றார் ஹஜ்ரத். "இனிமே தேவையில்லாம பேச்சு கொடுக்காதீங்க. அவரா வேற ஏதாவது பேசிட்டார்னா மறுபடியும் மெல்ல ஞாபகப்படுத்துங்க, அவ்வளவுதான்."

மகன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன் அவன். ஒரு நூல் பிசகினாலும் பார்வை கெட்டுவிடும் என்று பயந்து பயந்தே பழகிய கை. தகப்பன் விஷயத்திலும் ஒரு நூல் பிசகிவிடக் கூடாது என்று பயந்தான். குற்றம் சொல்ல முடியுமா? சின்ன வயதிலிருந்தே வாப்பா என்றால் உயிர் அவனுக்கு.

"யாரும் வாப்பாகிட்ட பேச்சு கொடுக்காதீங்க. தண்ணி வேணுமான்னுகூட கேக்கக் கூடாது. உதடு காஞ்சிருந்தா பஞ்சை நனைச்சு வைங்க, போதும்."

"மறுபடி சொல்லிக்கலாம்னு ஹஜ்ரத்தே சொன்னாரேப்பா" என்றாள் அவள்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு உம்மா, ஒரு தடவை சொல்லவைக்க. அடுத்த தடவை நாக்கு எழும்பலேன்னா? நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

அவள் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்து அவர் உதட்டில் வைத்தாள். ஆனால் அவளுக்கு அவரோடு பேசியே ஆக வேண்டும். ஒரு விஷயம் பாக்கி இருந்தது, அதுவும் லேசுப்பட்ட விஷயம் இல்லை.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல். மூன்று நாள் சேர்ந்தாற்போல் டியூட்டி பார்த்துவிட்டு வந்து கண்டக்டர் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். மணி இரண்டு இருக்கும், போன் வந்தது. அவருடைய அண்ணன். "உம்மாவுக்கு மூச்சு இழுக்குது, அவனை உடனே அனுப்பு" என்றார். ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். அவள் "சரி" என்று போனை வைத்தாள். எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று நினைத்தது உண்மை. அதற்கு முந்தின வாரம் மாமியார் நாலு பேர் முன்னால், "இவ கால் வச்ச நாள்லேருந்து என் மகன் எனக்கில்ல" என்று சொன்ன ஆத்திரம் ஆறாமல் கிடந்ததும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை அவளுக்கே பிடிபடவில்லை. ஐந்தரைக்கு அவர் எழுந்தபோது, "இப்பத்தாங்க போன் வந்துச்சு" என்றாள். ஐந்து மணிக்கே மாமியார் மவுத்தாகியிருந்தார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. "ரெண்டு மணிக்கே உன் வீட்டுக்காரிகிட்ட சொன்னேனேடா" என்று அண்ணன் சத்தியம் செய்தார். கண்டக்டர் எல்லார் முன்னாலும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "இல்லீங்க, சாயங்காலம்தான் வந்துச்சு" என்று அவள் வாய் கூசாமல் சொன்னாள். "என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா" என்றார் அவர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அண்ணனின் ஜனாஸாவுக்குப் போய்த்தான் அந்த முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, "கடைசிவரைக்கும் பொய்யை ஒத்துக்கலையே அவன்" என்று சொல்லி அழுதார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னாளா? சோறு போட்டாள்.

தொழுகை விட்டுப்போனால் அல்லாஹ்விடம் அழலாம், மன்னிக்கிறவன். ஆனால் ஒரு மனுஷனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனுஷன்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுமையில் அவர் வந்து அவள் கையைப் பிடிப்பார். பள்ளிவாசலில் இந்தப் பயான், இந்த உபதேசம், அவள் நூறு தடவை கேட்டதுதான். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். வந்தால் அவர் ஏதாவது வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார், அவ்வளவுதான். அண்ணன் போய்விட்டார், அந்தப் பக்கம் கதவு சாத்தியாயிற்று. திறந்திருந்த ஒரே கதவு இவர். அதன் முன்னால் பெற்ற பிள்ளையே காவல் உட்கார்ந்திருக்கிறான்.

புதன்கிழமை கண்டக்டர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். "இந்தா..." என்றார். அவள் பாய்ந்து எழுந்தாள். அதற்குள் மகன் முந்திக்கொண்டு காதில் கலிமாவை ஆரம்பித்துவிட்டான். அவர் இரண்டு தடவை தலையை அசைத்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவன் விடவில்லை. கடைசியில் அவரும் கலிமாவைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு யார் காதருகே குனிந்தாலும் அவர் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. 'இந்தா' என்று கூப்பிட்டது எதற்காக என்று தெரியவில்லை. அவள் அடுப்படியில் போய்த் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள்.

மகனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தாள். "உம்மாவுக்கு வாப்பாகிட்ட ஒரு விஷயம் பேசணும்டா."

"என்ன விஷயம்? எங்கிட்ட சொல்லுங்க."

பெற்ற மகனிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? "ஒண்ணுமில்ல" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு மகன் பள்ளிக்குப் போனான். மகள் பின்பக்கம் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவளும் அவரும் மட்டும். மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பேசினால்தானே கலிமா கெடும்? தலையை ஆட்டினால் கெடாதே!

குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதில் சொன்னாள்.

"ஏங்க, நான்தாங்க. பேசாதீங்க, வாயைத் திறக்காதீங்க. நான் கேட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். அன்னிக்கு மாமிக்கு முடியாம போனப்ப அண்ணன் ரெண்டு மணிக்கே போன் பண்ணாருங்க. நான்தான் உங்களை எழுப்பல. அவர் பொய் சொல்லல, நான்தான் பொய் சொன்னேன். உங்க உம்மா முகத்தைப் பாக்கவிடாம பண்ணிட்டேன். உங்க அண்ணனையும் பிரிச்சுட்டேன். உங்க கால்ல விழறேன், என்னைப் பொறுத்துக்குங்க. பொறுத்துக்கிட்டேன்னு தலையை ஆட்டுங்க."

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். கலங்கலாக இருந்தாலும் அது அவளைத்தான் பார்த்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலையையே பார்த்தாள். மேலும் கீழுமா, இல்லை இடமும் வலமுமா? இரண்டும் இல்லை. தலை தலையணையில் அப்படியே கிடந்தது. உதடு பிரிந்தது.

"வேணாங்க, பேசாதீங்க" என்று அவள் பதறினாள். பதறிக்கொண்டே, பேசட்டுமே, திட்டினாலும் திட்டட்டுமே என்று உள்ளுக்குள் ஏங்கினாள்.

"லா இலாஹ இல்லல்லாஹ்" என்றார் கண்டக்டர். செவ்வாய்க்கிழமைபோல் தடுமாறாமல், தெளிவாக.

"அது சரிங்க, அதோட என்னையும்..." என்று அவள் மறுபடி காதில் குனிந்தாள். அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கேட்டாரா? கேட்டுவிட்டு, உனக்கும் எனக்கும் இனிப் பேச்சில்லை என்று அல்லாஹ் பக்கம் திரும்பிக்கொண்டாரா? இல்லை, எல்லாம் அவனுக்காகப் பொறுத்தேன் என்றாரா? இல்லாவிட்டால் ஒன்றுமே காதில் விழாமல், யாரோ குனிகிறார்கள் என்று மகன் பழக்கிய பழக்கத்தில் சொல்லிவைத்தாரா? அவள் அவரைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். மகள் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

மகன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்ன சொன்னாரு உம்மா?"

"கலிமா" என்றாள்.

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "கொடுத்து வச்சவங்க உம்மா நீங்க! உங்க காதுல விழுந்திருக்கே!" செய்தி ஒரு நொடியில் தெரு முழுக்கப் பரவியது. வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளைக் கட்டிக்கொண்டு, நீயல்லவா பாக்கியசாலி, இப்படிப்பட்ட மவுத்து யாருக்கு வாய்க்கும் என்று சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, தூக்குவதற்கு முன்னால் மகன் வாசலில் கூடியிருந்த ஆண்களிடம் கைகூப்பாத குறையாக, "எங்க வாப்பாமேல யாருக்காவது மனத்தாங்கல் இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்குங்க" என்று கேட்டான். 'பொறுத்துக்கிட்டோம்' என்று கூட்டம் சொன்னது. பிறகு உள்ளே வந்து அவள் முன்னால் மண்டியிட்டான்.

"உம்மா, முப்பத்தொன்பது வருஷம் வாழ்ந்தீங்க. வாப்பா ஏதாவது சொல்லியிருப்பாரு, செஞ்சிருப்பாரு. பொறுத்துக்கிட்டேன்னு உங்க வாயால மூணு தடவை சொல்லிடுங்க. வாப்பாவுக்கு லேசாயிடும்."

அவரைப் பொறுப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொறுத்துக்கிட்டேன்" என்றாள். "பொறுத்துக்கிட்டேன். பொறுத்துக்கிட்டேன்."

சுற்றியிருந்த பெண்கள் ஆமீன் சொன்னார்கள். அவளுக்காக அவரிடம் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவரின் தாடையை அதற்குள் துணியால் கட்டியிருந்தார்கள்.