மல்லாவியில் ஓய்வு நாள்

மோர்டென்ஸ்ருட்டில், கூட வேலை செய்யும் ஸ்வைனின் வரிசை வீட்டுப் படலைக்கு முன்னால் வந்ததும், ரோல்ஸ் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சூசைரட்ணம் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த மனைவி புளோறன்ஸ், "என்ன, வீடு மாறி வந்திட்டமோ?" என்று கேட்டாள். இல்லை, இதுதான் என்று தலையாட்டினார். பத்து வயது மகள் ஹன்னா அதற்குள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் நினைத்திருந்தது வேறு. தனியாக வந்து, ஸ்வைனை வேலியோரம் கூப்பிட்டு, நான் ஒருநாளும் சைக்கிள் பந்தயம் ஓடியவன் அல்ல என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது. அதற்காகவே இந்த விருந்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் ஸ்வைன் வீட்டுக்கே தொலைபேசி எடுத்துவிட்டான். ரிசீவரைத் தூக்கிய ஹன்னா, மூன்று பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். புளோறன்ஸ் இறைச்சி வாங்கி வந்து ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டாள். "வேலை செய்யிற இடத்திலை ஒருத்தற்றை முகமும் எனக்குக் காட்டினதில்லை. இந்த முறையாவது பாப்பம்" என்று அவள் சொன்னபோது அவரால் அடுப்பைத்தான் பார்க்க முடிந்தது.

எல்லாம் 'தூர்' என்ற ஒரு சொல்லால் வந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் சலவை ஆலையில் அவருக்கு வேலை. இடைவேளை அறையில் நீளமான ஒரு மேசை. சேர்ந்த நாளிலிருந்து அதன் கடைசி மூலையில், யன்னலைப் பார்த்தபடி, தன் பாணைத் தின்றுவிட்டு எழும்புகிறவர் அவர். யாரும் அவரை அங்கே இருத்தவில்லை. வாய் திறந்தால் பிழையாக ஏதும் வந்துவிடுமோ என்று தானே போய் இருந்தார். ஜூலை பிறந்தால் அந்த அறையில் தொலைக்காட்சி ஓடும். பிரான்சைச் சுற்றி மூன்று கிழமை சைக்கிள் ஓடுகிறவர்களைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே கதையாக இருப்பார்கள். அந்தப் பந்தயத்தை அவர்கள் தூர் என்றார்கள். சூசைரட்ணம் வகுப்பில் படித்த நோர்வேஜிய மொழியிலோ தூர் என்றால் பயணம். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடந்துவிட்டு வருவதும் தூர், கப்பலில் டென்மார்க் போய் வருவதும் தூர். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், மெசின் பகுதிக்குப் பொறுப்பான ஸ்வைன் மேசையின் அந்தத் தலைப்பிலிருந்து திரும்பி, உன் நாட்டிலும் சைக்கிள் தூர் உண்டா என்று கேட்டான். உண்டு என்றார், நானே போயிருக்கிறேன் என்றார். எத்தனை கட்டமாக என்று கேட்டான். ஐந்து கட்டம் என்றார். கனபேர் ஓடினார்களா? வீதி முழுக்கச் சனம், காலை வைக்க இடமில்லை. சைக்கிள் ஓடுவதற்கு உனக்குச் சம்பளம் தந்தார்களா? அதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார். இடம்பெயர்வதற்கு முந்திய இரண்டு வருடமும் கிளாலி இறங்குதுறையிலிருந்து பட்டினத்துக்கு ஆட்களையும் மண்ணெண்ணெய்க் கலன்களையும் கரியரில் ஏற்றி இறக்கித்தான் அவர் சீவித்தார். ஓம், அதுதான் என்னுடைய தொழில் என்றார். ஸ்வைன் கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, "கேட்டீர்களா? மூலையில் ஒரு புரொப், சம்பளத்துக்கு ஓடுகிறவன், இருந்திருக்கிறான், நாங்கள் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்" என்றான்.

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் இடைவேளைக்குப் போனபோது தொலைக்காட்சிக்கு நேர் முன்னால் ஒரு கதிரையை இழுத்து வைத்துக் காத்திருந்தார்கள். மலை ஏறி ஓடும்போது மூச்சை எப்படி விடுவது என்று ஒருத்தி கேட்டாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. 'நீங்கள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு' என்று சொல்வதற்கு அந்த மொழியில் நாலைந்து சொற்கள்தான் வேண்டும். அவை அவரிடம் இருந்தன. ஆனால் கதிரை இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் போய் இருந்தார்.

பிறகு வந்த ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பந்தயத்துக்குச் சரித்திரம் வளர்ந்தது. பிரான்சில் ஒரு பத்திரிகைக்காரன் தன் பத்திரிகையை விற்பதற்காகத்தான் 1903இல் தூரைத் தொடங்கினான் என்று ஸ்வைன் சொன்னால், எங்கள் நாட்டிலும் பேப்பர்காரர்தான் தொடங்கினார்கள் என்று இவர் சொன்னார். முந்திய காலத்தில் ஓட்டக்காரன் வழியில் சைக்கிள் முறிந்தால் யாரும் கைகொடுக்கக்கூடாது, கொல்லன் பட்டறை தேடிப் போய்த் தானே நெருப்பு மூட்டி ஒட்ட வேண்டும் என்று சொன்னால், இவர் றிம் வளைந்ததையும் அதைப் பனைமரத்தில் சாய்த்து மிதித்து நிமிர்த்தியதையும் சொன்னார். அது உண்மையில் நடந்தது. இரண்டு உலக யுத்தத்திலும் தூர் நின்றுபோனது, உங்களுடைய யுத்தத்தில் என்ன நடந்தது என்று ஒருமுறை ஸ்வைன் கேட்டான். எங்களுடையது யுத்தத்தில்தான் தொடங்கியது என்று வாய்தவறி வந்துவிட்டது. அவர்கள் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே மூச்சில், நடுவில் ஓய்வு நாள் இருந்ததா என்று ஸ்வைன் கேட்க, மல்லாவியில் என்றார். அன்று கொண்டுபோன பாண் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

தோட்டத்தில் யன்னல் ஓரமாகத் தொலைக்காட்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். இறைச்சி வாட்டும் புகை அதன் மேலால் போனது. ஆலையிலிருந்து ஏழெட்டுப் பேர் குடும்பமாக வந்திருந்தார்கள். திரையில் நாலைந்து பேர் வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த பெரிய கூட்டம் அவர்களைத் துரத்துகிற எண்ணமே இல்லாமல், வெயிலில் கதைத்துக் கதைத்து வந்தது. ஸ்வைன் புளோறன்சுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தான். ரோல்ஸ் ஒன்றைக் கடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். அந்த வருடம் தூர் தொடங்குவதற்கு முதல்நாளே, ஊக்கமருந்துச் சந்தேகத்தில் பெரிய ஓட்டக்காரர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "எல்லாரும் கள்ளர். எனக்குத் தெரிந்த சுத்தமான ஓட்டக்காரன் இவன் ஒருத்தன்தான்" என்று சூசைரட்ணத்தின் தோளில் தட்டினான்.

"ஸ்வைன், உன்னோடு ஒரு கதை இருக்கிறது" என்றார் சூசைரட்ணம்.

"உன்னோடு எனக்கும் இருக்கிறது. ஆனால் என்னுடையதுதான் முதலில்" என்று சொல்லிவிட்டு ஸ்வைன் வீட்டுக்குள் போனான். ஒரு பொதியோடு திரும்பி வந்தான்.

மஞ்சள் சட்டை. அந்தப் பழைய பத்திரிகை மஞ்சள் தாளில் வந்ததால்தான் முன்னணியில் நிற்கிறவனுக்கு மஞ்சள் சட்டை என்று ஸ்வைன் எல்லோருக்கும் விளக்கினான். பிறகு சட்டையைத் திருப்பிப் பிடித்தான். முதுகில், வரிக்கு வரி, பந்தயத்தின் கட்டங்கள் அச்சடிக்கப்பட்டிருந்தன. இவர் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு நோர்வேஜிய எழுத்தில் எழுதியிருந்தான். ஹன்னா முன்னால் வந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வாசிப்பதுபோல் உரத்து வாசித்தாள். ஷாஃப்னா. சவகஷேரி. கிலலி. கிலினொஷி. மல்லவி, ஓய்வு நாள். மடு.

புளோறன்ஸ் கையிலிருந்த தட்டை மடியில் வைத்தாள். ஹன்னா சொன்ன பெயர்கள் முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை என்பதை அவர் பார்த்தார். பிறகு அவளே ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்து, யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கிளாலி, கிளிநொச்சி என்று ஒவ்வோர் இடமாகப் போய்ச் சேர்வதையும் பார்த்தார். யுத்தத்துக்குள் இடம்பெயர்ந்த அன்று, கிளாலியில் வள்ளத்துக்குள் சைக்கிளை ஏற்றமுடியாது என்றபோது அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அங்கிருந்து மழைச் சேற்றில், நிறைமாத வயிற்றோடு, கரியரில் ஒரு பக்கமாக இருந்து வந்தாள். அவர் ஓடியதைவிடத் தள்ளியதுதான் கூட.

"மல்லாவியோ?" என்று ஹன்னா தமிழில் திரும்பினாள். "அப்பா, அது நான் பிறந்த இடமெல்லோ? என்ரை பாஸ்போட்டிலை போட்டிருக்கு." உடனே நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் சொன்னாள்: நான் பிறந்தது அங்கேதான். தோட்டமே கைதட்டியது. ஓய்வு நாளில் அப்பன் ஓய்வெடுக்கவில்லை என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழும்பியது. ஸ்வைனின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் புளோறன்சின் பக்கத்தில் குந்தி, மெதுவாக, சொல் சொல்லாக ஏதோ கேட்டாள். புளோறன்ஸ் மகளைப் பார்த்தாள்.

"அப்பா ஓடேக்கை நீங்கள் றோட்டிலை நிண்டு பாத்தனீங்களோ எண்டு கேக்கினம், அம்மா."

சூசைரட்ணத்தின் கையில் சட்டை இருந்தது. எப்போது அதை வாங்கினார் என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவள் சொல்லட்டும் என்று நினைத்தார். அவள் வாயால் வந்துவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு ஆறுதல்கூட எட்டிப் பார்த்தது. அந்த ஆறுதல்தான் அவரைக் கூனிக் குறுகவைத்தது. புளோறன்ஸ் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். வழியில் கண்ட, எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை" என்றாள். "கிட்ட நிண்டு பாத்தனான் எண்டு சொல்லு."

ஹன்னா சொன்னாள். ஸ்வைன் இரண்டு கையையும் உயர்த்தி, போடு, போடு என்றான். சூசைரட்ணம் தன் சேட்டுக்கு மேலாலேயே அதைப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது. அதன்பிறகு ஸ்வைன், "நீ என்னவோ சொல்ல வந்தாயே?" என்று கேட்டான். ரோல்சில் உறைப்புக் கொஞ்சம் கூடவோ என்று கேட்கத்தான் வந்தேன் என்றார்.

பஸ்ஸுக்கு நிற்காமல் பியோர்ண்டாலிலிருந்த தங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். ஜூலை மாத வெளிச்சம் இன்னும் மதியம்போலக் கிடந்தது. அவர் முன்னால் போனார். ஹன்னா அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு தெத்தித் தெத்தி வந்தாள். வெறும் பெட்டியோடு புளோறன்ஸ் பின்னால் வந்தாள். பெட்டிக்குள் மூடி அடிபடும் சத்தத்தை வைத்துத்தான் அவள் எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்பா, பள்ளிக்கூடம் துவங்க நான் இதைப் போட்டுக்கொண்டு போகட்டோ? என்ரை வகுப்பு மாரித்தே நம்பமாட்டாள்."

"அது உமக்குப் பெரிசு."

"பறவாயில்லை. நான் எல்லாருக்கும் சொல்லுவன்." கொஞ்சத் தூரம் தெத்தினாள். "ஆர் வெண்டது?"

"எதிலை?"

"உங்கடை றித்திலை. ரேஸிலை. ஆர் முதலாவதா வந்தது?"

வழியில் ஒரு சின்னப் பாலம். கீழே அகன்ற வீதியில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகு, தான் நின்றுவிட்டதைக் கண்டு மறுபடியும் நடந்தார்.

"பிள்ளை கேக்கிறாள்" என்றது பின்னாலிருந்து புளோறன்சின் குரல், சாதாரணமாக, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்வதுபோல. "சொல்லுங்கோவன்."

முதுகில் அந்தப் பெயர்கள் கிடந்த இடம் அவருக்கு வியர்த்தது. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தோலுக்கே தெரிவதுபோல இருந்தது. புளோறன்ஸ் பக்கத்தில் வந்துவிட்டால் அதை வாசிக்கமாட்டாள். வந்து சேரட்டும் என்று அவர் நடையைத் தளர்த்தினார். பின்னால், பெட்டி மூடியின் சத்தமும் தளர்ந்தது.