மொசெல் கரையில் ஒரு கரவன்

பென்சன் எடுத்தபிறகு சிவபாதமும் மனைவி திலகவதியும் காரில் பூட்டி இழுத்துப் போகிற பழைய கரவன் வீடு ஒன்று வாங்கி, தன் கரவனோடு வரும் நண்பர் அருளப்புவுடன் கோடைதோறும் ஊர் சுற்றினார்கள். இந்த முறை ஜெர்மனியில் மொசெல் ஆற்றங்கரை முகாமில் தங்கியபோது மூன்று நாள் மழை விடவில்லை. ஆறு பெருகியதால் எல்லோரையும் உடனே வெளியேறும்படி முகாம்காரர் சொன்னார்கள்.

அருளப்புவின் கரவன் மேட்டில் ஏறிவிட்டது. சிவபாதத்தினுடையது சில்லுகள் புதைந்து சேற்றில் நின்றது. அருளப்பு காரில் கயிறு கட்டி இழுத்தார். சிவபாதம் பின்னால் நின்று மூச்சு வாங்கத் தள்ளினார். அது அசையவில்லை. தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்தது.

"இனி ஏலாது அண்ணை, மேல வாங்கோ!" என்று அருளப்பு கத்தினார்.

மேட்டில் நின்று மூவரும் பார்த்தார்கள். கரவன் மெல்லச் சரிந்து, மிதந்து, ஆற்றோடு போனது.

"கதவைப் பூட்டினனீங்களோ?" என்று திலகவதி கேட்டாள்.

"ஓம், பூட்டினனான்," என்றார் சிவபாதம்.