எடைக்கு எடை மடம்

கிரேக்க நாட்டில் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கும் அந்தப் பழைய ஆர்த்தடாக்ஸ் மடத்துக்கு ஒருவர் ஏறினால், அதே எடையுள்ள ஒருவர் மேலிருந்து இறங்கவேண்டும். ஒரே கயிறு, இரண்டு முனையிலும் வலைக்கூடை. இறங்கியவர், ஏறியவரின் இடத்தை எடுத்துக்கொள்வார். பல நூறு வருஷமாக இதுதான் வழக்கம்.

திருநெல்வேலியிலிருந்து போன எங்கள் சுற்றுலாக் குழுவில் முதலில் ஏறியவர் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். எங்கே போனாலும் முதல் ஆளாக நிற்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பாகோமியோஸ் என்ற தாடிச் சாமியார் இறங்கி வந்து, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் சமையல்காரர் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, வெறும் தட்டை என்னிடம் நீட்டினார். இடத்தைச் சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆகியும் மனிதர் இறங்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் மகள் கோமதிக்குக் கல்யாணம். வேலை தலைக்குமேல் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, வாரீயளா இல்லையா?" என்று கீழே நின்று கத்தினேன்.

"இங்க ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, வடிவு. நிம்மதியா இருக்கு" என்றார் மேலிருந்து.

டூர் மேனேஜரிடம் முறையிட்டேன். "சீட் காலியா இல்லையே, மேடம்" என்றார் அவர்.

காதைப் பிடித்து இழுத்து வருவது என்று நானே கூடையில் ஏறினேன். மேலே மற்ற துறவிகள் எல்லாம் நோன்பிருந்து நோஞ்சானாகிப் போனவர்கள். என் எடைக்கு அங்கே ஒரே ஆள்தான் இருந்தார். என் வீட்டுக்காரர். அவரையே கூடையில் ஏற்றிவிட்டார்கள். பாதி வழியில் சந்தித்தோம்.

"பலகாரத்துக்கு ஆள் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"இனிமே நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

பஸ் கிளம்புவதை உச்சியிலிருந்து பார்த்தேன். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் நான் இல்லையா என்று விம்மி விம்மி அழுதேன். யாரும் என்னிடம் காப்பி கேட்கவில்லை. அழுது முடிக்க எனக்கு நேரம் கிடைத்தது.

கோமதி போன் செய்தாள். "பாகோமியோஸ் அப்பா பேப்பர் படிக்காவ. அம்மா விடியுமுன்ன எந்திரிச்சுக் கோலம் போட்டாச்சு. இப்ப மாவு அரைக்காவ" என்றாள். அம்மா என்றது ஆவுடையப்பனை. கோலம் கொஞ்சம் கோணலாம். அதைப் பாகோமியோஸ் சுட்டிக்காட்டினாராம்.

"நீ கல்யாணத்துக்கு வருவியா?" என்று கேட்டாள். என் எடைக்கு யாராவது ஏறி வந்தால்தானே, என்றேன்.

நேற்று வழி பிறந்தது. மாப்பிள்ளையின் அம்மா தங்கபுஷ்பம் என் எடைதான். இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று கேள்விப்பட்டு, உடனே டிக்கெட் எடுத்துவிட்டாளாம். அவள் ஏறுவாள், நான் இறங்குவேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விடுவேன்.

சீர்வரிசையில் பெண்வீட்டார் வெள்ளிக் குத்துவிளக்கு வைக்கவில்லை. அதைப் பற்றிப் பெண்ணின் அம்மாவிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்.