ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

பரிசு வாங்கும் காலம் திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், சல்லிசுக்குச் சனிக்கிழமை மத்தியானமே கை அரிக்க ஆரம்பித்துவிடும். "சல்லிசா முடிச்சுத் தர்றேன்" என்று வாய்க்கு வாய் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று இவரே திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பொம்மை, மேசை விளக்கு, சுவர்க்கடிகாரம், கூரை தொட அட்டைப்பெட்டி. மற்றதில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் மனைவியின் தம்பி. கடை இந்த இரண்டிலும் இல்லை, இணையத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலைவரை அதுவும் பூட்டித்தான் இருந்தது. இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் உள்ளே நுழைய முடியாது.

"ஒவ்வொரு பொருளுக்குக் கீழயும் ஒரு வரி போடு மாப்ளே. இப்போது இதை இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்னு."

"எத்தனை பேர் அத்தான்?"

"ஏழுக்கும் பத்தொம்போதுக்கும் நடுவுல அதுவா மாறிட்டே இருக்கட்டும். முழுசா இருபதுன்னா புளுகுன்னு தெரிஞ்சிடும்."

"இப்ப பார்த்துட்டு இருக்குறது நீங்க, நான், அந்தச் சுவத்துப் பல்லி."

"பல்லியையும் கணக்குல சேர்த்துக்க."

மச்சினன் சிரித்துக்கொண்டே தட்டினான். சல்லிசின் அக்கா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. கடையை அவரோடு சேர்ந்து தொடங்கியவளே அவள்தான். "விலையில எவ்வளவு வேணா புளுகு. எண்ணிக்கையில மட்டும் புளுகாதேடா" என்பாள். போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

முதல் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே யானை விலையில் ஒன்றை நிறுத்தினால், பக்கத்தில் இருப்பதெல்லாம் கொள்ளை மலிவாகத் தெரியும். வியாபாரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. சல்லிசு அலமாரியைத் திறந்து தகரக் குருவியை எடுத்தார். சாவி கொடுத்தால் டொக் டொக்கென்று தரையைக் கொத்தும். அக்காவுடையது.

"இது பாப்பாவுக்குன்னு அக்கா சொல்லிட்டுப் போனதாச்சே" என்றான் மச்சினன். பாப்பா என்பது அக்காவின் ஒரே மகள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவின் பொருள் என்று அவளுக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். நேற்றுகூட போனில், "மாமா, குருவி பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"விக்கவா போறோம்? சும்மா பார்வைக்கு. ஒம்போதாயிரத்து ஐந்நூறுன்னு போடு."

"அந்த விலைக்கு எவனாவது கேட்டுட்டா?"

சல்லிசு காது கேட்காதவர்போல் குருவியைத் துடைத்தார். கேட்டால் கசக்குமா என்ன? பாப்பாவுக்கு அதே மாதிரி புதுசு வாங்கிக் கொடுத்தால் போகிறது.

படம் எடுக்கக் கவிழ்த்தபோது அடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அக்காவின் கையெழுத்து: மீயைதே.

சின்ன வயதில், அப்பாவின் கடையில், வாடிக்கையாளருக்குப் புரியாமல் வாங்கின விலையை எழுதிவைக்க அக்காவும் தம்பியும் கண்டுபிடித்த சங்கேதம். 'பூனை மீசையைத் தடவாதே.' எழுத்தை எண்ணினால் சரியாகப் பத்து. பூ ஒன்று, னை இரண்டு, மீ மூன்று, இப்படியே போய் தே என்றால் சைபர். மீயைதே என்றால் முந்நூற்று ஐம்பது. உலகத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், இப்போது ஒருவர். சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்.

படம் பக்கத்தில் ஏறியதும் மச்சினன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"அத்தான், குருவிக்குக் கீழ 'ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்'னு வருது."

"ஏழுக்குக் கீழ போகக் கூடாதுன்னேனே?"

"போகக் கூடாது. 'பேர்'னுதான் எழுதினேன். 'ஒருவர்'னு நான் எழுதவே இல்ல."

விளக்குக்குப் பதின்மூன்று பேர். கடிகாரத்துக்கு ஒன்பது. குருவிக்கு மட்டும் ஒருவர். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மச்சினனின் போனில் பார்த்தார்கள். அங்கேயும் ஒருவர். மற்ற எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அது அசையவில்லை, கண் கொட்டாமல் பார்ப்பதுபோல.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டபோது மணி அடித்தது. விலை பேச விரும்புகிறவர்களுக்காகச் சல்லிசு அடம்பிடித்து வைக்கச் சொன்ன பெட்டி. 'உங்கள் விலை?' என்ற கேள்விக்கு நேராக ஒரு பதில் வந்திருந்தது.

மீயைதே.

"வாங்குறவங்க இந்தப் பெட்டியில எண்ணைத் தவிர எதையும் அடிக்க முடியாதே!" மச்சினன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "என்ன அத்தான் இது, பூனை கத்துற மாதிரி?"

சல்லிசு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சீட்டு அங்கேதான் இருந்தது. முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் அந்தக் கைக்குப் பயம் தெரியாது. தெரிந்த ஆளா இல்லையா பார்த்துவிடலாம் என்று சங்கேதத்திலேயே அடித்தார்: வாதேதேதே. ஒன்பதாயிரம்.

உடனே மணி. னைதேதே.

இருநூறு. ஊரெல்லாம் பேரம் பேசினால் வாங்குகிறவர் ஏறுவார், விற்கிறவர் இறங்குவார். அக்கா மட்டும் தலைகீழ். கடைக்காரர் படியாவிட்டால் தான் கேட்ட விலையையே இன்னும் குறைப்பாள். "நேரம் போகப் போக எனக்கு ஆசை குறையுதுல்ல?" என்பாள். மொத்த வியாபாரிகள் அவளைக் கண்டால் முன்னாடியே விலையைச் சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குள் புகுந்துகொள்வார்கள்.

யைதேதேதே, ஐயாயிரம், என்று அடித்தார்.

யைதே. ஐம்பது.

அடுத்து இவர் எதுவும் அடிக்கவில்லை. தானாகவே மணி அடித்தது. ஒரே ஓர் எழுத்து.

தே.

"அத்தான், வேணாம், பிடுங்கிப் போட்டுடலாம்" என்றான் மச்சினன்.

சல்லிசு கையை உயர்த்தி அவனைத் தடுத்தார். பிறகு, வியாபாரத்தில் தோற்றவன் உரிமையோடு சலித்துக்கொள்வதுபோல், "உன்கிட்ட எவன் ஜெயிச்சான்" என்று முணுமுணுத்துவிட்டு 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினார்.

ஆர்டர் வந்தது. பெறுபவர் இடத்தில் பாப்பாவின் பெயர், விடுதி, அறை எண். அந்த அறைக்கு அவள் மாறியதே இந்த வாரம்தான். நேற்றுப் போனில் சொல்லித்தான் சல்லிசுக்கே தெரியும். வாங்குபவர் பெயர் இல்லை. பரிசோடு வைக்க வேண்டிய வாழ்த்து வரியில் மட்டும் நான்கு வார்த்தை: சாவி கொடுத்து அனுப்புடா, தம்பி.

கூரியர் ஆள் ஐந்து மணிக்கு வருவான். சல்லிசு பெட்டியில் காகிதம் பரப்பி, குருவியைக் கையில் எடுத்துச் சாவியைத் திருகினார். திரும்பவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். எட்டு மாதமாக யாரும் தொடாத சாவி, யாரோ இப்போதுதான் முழுக்கச் சுற்றி வைத்ததுபோல் விறைத்து நின்றது. மூடியை ஒட்டும்போது உள்ளே ஒரே ஒரு தடவை டொக் என்றது.

"சரிக்கா, சரி" என்றார். "மாப்ளே, அந்தப் பொய் வரியை எல்லாத்துலேருந்தும் எடுத்துடு."

மச்சினன் திரையை இவர் பக்கம் திருப்பினான். "நீங்க பெட்டியில காகிதம் பரப்பும்போதே எடுத்துட்டேன் அத்தான். நானே பயந்துபோய்."

விளக்கு, கடிகாரம், பொம்மை. ஒவ்வொன்றுக்கும் கீழே, அசையாமல், ஒரே வரி நின்றது.

இப்போது இதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.